சிவப்பியின் படுக்கைக்கு ஒரு மனு

கோழிக்கூண்டில் காய்ந்த சருகு பரப்ப வேண்டும் என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் பால்காரர். போன வருடம், முதல் தூறல் விழுந்த வாரம். என் நாலு கோழிகளில் சிவப்பி மட்டும் ஈரத்தரையில் நின்று நின்று, காலில் புண் வந்து நொண்டிக்கொண்டிருந்தாள்.

"சருகை நாலு விரல் கனத்துக்குப் போடுங்கம்மா. ஈரத்தை இழுத்துக்கும். பெருமழை வர்றதுக்குள்ள போடலேன்னா இந்தக் கோழி தங்காது," என்றார்.

வாசலுக்கு எதிரே தெருமரம். அதன் அடியில் குவியல் குவியலாகச் சருகு. பத்தடி நடந்து அள்ளியிருந்தால் முடிந்தது. ஆனால் நான் கேட்காமல் எதையும் தொடாதவள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, ஆண்டவன் மன்னிக்கட்டும்.

மகள் போனில் சிரித்தாள். "ஊர்ல குப்பை போடறதுக்கே யாரும் கேக்கறதில்ல. நீ எடுக்கறதுக்குக் கேக்கப் போறியாம்மா?"

ஆண்டவனை வேண்டிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன்.

"மரத்துல இருக்கற இலைன்னா தோட்டப் பிரிவு. விழுந்த இலைன்னா இங்க," என்றார் எழுத்தர்.

"விழுந்ததுதான் ஐயா. கோழிக்குப் படுக்கை."

"எப்ப விழுந்தது? பெருக்கறதுக்கு முன்னாடின்னா அது குப்பை. பெருக்கினப்புறம்னா நகராட்சிச் சொத்து. சொத்துன்னா மேலதிகாரி கையெழுத்து வேணும்."

"விழுந்துக்கிட்டே இருந்தா?" என்று பணிவாகத்தான் கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆழ்ந்து யோசித்தார். "அதுக்கு இன்னும் சுற்றறிக்கை வரல."

படிவம் தந்தார். 'பயனாளியின் பெயர்' என்ற இடத்தில் சிவப்பி என்று எழுதினேன். 'கல்வித் தகுதி' என்ற இடத்தில், என்னுடையதை எழுதலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். எனக்கும் அவளுக்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

பத்து நாள் கழித்து ஆய்வாளர் வந்தார். அதற்குள் பெருமழையும் வந்து, தெருச் சருகெல்லாம் கூழாகிக் கிடந்தது. பயனாளி நேரில் வர வேண்டும் என்றார். சிவப்பியைத் தூக்கி வந்து காட்டினேன். தலையைக்கூடத் தூக்க முடியாமல் என் கையில் துவண்டு கிடந்தாள். அவர் படிவத்தில் 'ஆஜர்' என்று குறித்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நாலு சருகுக்கு இத்தனை கட்டுப்பாடா? எந்த மகராசன் போட்ட சட்டம் ஐயா இது?"

"நாங்களா போடலம்மா. ஏழு வருஷத்துக்கு முன்னாடி பொதுமக்கள்கிட்டேர்ந்து புகார் வந்தது. அதை மதிச்சுப் போட்டது," என்று கோப்பைத் திறந்து காட்டினார்.

மஞ்சளேறிய தாள். குண்டு குண்டான எழுத்து. 'தினமும் விடியற்காலையில் ஓர் ஆள் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல் தெருச் சருகைச் சாக்கில் அள்ளிப் போகிறார். ஆதாயம் இல்லாமல் யாராவது குப்பையை அள்ளுவார்களா? உடனே தடுக்க வேண்டும்.'

கீழே என் கையெழுத்து. அன்றைக்கும் வேண்டிக்கொண்டுதான் தபாலில் போட்டேன்.

ஆய்வாளர் போன சாயங்காலமே பால்காரர் இரண்டு சாக்கு நிறைய, மொறுமொறுவென்று காய்ந்த சருகு கொண்டு வந்தார். அவரே கூண்டுக்குள் குனிந்து பரப்பினார்.

"தெருவுலேர்ந்தா எடுத்தீங்க?" என்றேன்.

"ஐயோ, ஏம்மா வம்பு? முன்னெல்லாம் தூசிக்கு மூஞ்சில துண்டக் கட்டிக்கிட்டு இங்கதான் அள்ளுவேன். யாரோ ஒரு புண்ணியவான் எழுதிப் போட்டுட்டான். அப்புறம் வீட்டுப் பக்கத்துல நானே ஒரு மரம் வெச்சேன். இப்ப அது கொட்டற சருகை வெக்க எடமில்ல. ஒரு விதத்துல அந்த ஆளுக்கு நன்றிதான் சொல்லணும்."

புண்ணியவான் இல்லை, புண்ணியவதி என்ற திருத்தம் வாய் வரை வந்தது. பாலை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சிவப்பி பிழைத்துக்கொண்டாள். ஆனால் பால்காரர் வரும்போதெல்லாம் சருகைக் கிளறுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். கோப்பைத் திறந்தபோது என் கையில் இருந்தவள் அவள்தானே.

அவரிடம் நானே சொல்லிவிடுவேன். அந்தத் தைரியத்துக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அதுவரைக்கும், உங்கள் வீட்டுக்கும் அவர்தான் பால் ஊற்றுகிறார் என்றால், இதை அவர் காதில் போட்டுவிடாதீர்கள்.