அந்தப் பிணம் நானில்லை

‘ஓடாத படம்’ மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், தங்கள் அலுவலகத்தில் இந்த வேலைக்கு உடந்தையாக இருக்கும் மற்றவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதால் இந்தக் கடிதம்.

நான் ஓட்டுநர் உரிமத் தேர்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் அட்டையும் பேனாவுமாகப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தால், ஊரையே வலம் வந்த ஆட்கள்கூடத் திரும்புவதற்குக் கை காட்டும் விளக்கைப் போடாமல் மழைத் துடைப்பானைப் போட்டுவிடுவார்கள். அப்படி ஒரு மரியாதை எனக்கு இருந்தது. தங்களின் சென்ற இதழ் வரும் வரைக்கும் இருந்தது. அதில் ‘பிணம் கிடைத்துவிட்டது!’ என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, நான் கடையிலிருந்து குடையும் பையுமாக வெளியே வரும் படத்தைக் கீழே அச்சிட்டிருக்கிறீர்கள்.

நடந்தது இவ்வளவுதான். வேலை கிடைப்பதற்கு முன், படப்பிடிப்பில் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த நண்பன் ஒருவன் வேடிக்கை பார்க்க என்னை அழைத்துப் போனான். படம் ‘ரத்த அலமாரி’. பிணமாகப் படுக்க வேண்டியவர், காலை ஆகாரம் வரவில்லை என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்து என்னைக் காட்டினார். “இந்தத் தம்பி மூஞ்சி ஏற்கெனவே அப்படித்தான் இருக்கு. படுக்க வைங்க.” கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி போர்த்திப் படுக்க வைத்தார்கள். கதாநாயகி என்மேல் கவிழ்ந்து அழுதபோது அவர் முகத்துப் பவுடர் என் கண்ணில் விழுந்தது. சிமிட்டினேன். உதவி இயக்குநர் பதறிப்போய், “சார், பிணம் கண்ணைச் சிமிட்டுது” என்றார். “இனிமே பிலிம் இல்லப்பா. ஜனங்க கதாநாயகியைத்தான் பாப்பாங்க, பிணத்தை எவன் பாக்கப் போறான்?” என்று இயக்குநர் சொல்லிவிட்டார். ஜனங்கள் இருவரையுமே பார்க்கவில்லை. படம் வந்த சுவடு தெரியாமல் போயிற்று. நானும் வேலையில் சேர்ந்து, கல்யாணம் செய்துகொண்டு, அதை மறந்தே போனேன்.

ஓடாத படங்களாகத் தேடிப் பிடித்துக் கொண்டாடும் தங்கள் வாசகர்கள் இப்போது என் வீட்டு மணியை அடிக்கிறார்கள். முதலில் ஒரு பல் மருத்துவரும், வங்கியில் அதிகாரியாக இருக்கும் ஒரு அம்மணியும் வந்தார்கள். “சார், ஒரே ஒரு தடவை சிமிட்டிக் காட்டுங்க, போயிடறோம்” என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டு, “உள்ள வாங்க, வசதியாப் போச்சு, இப்பதான் படுத்தாரு” என்று வரவேற்றுவிட்டாள். முதலில் மூடியது இடது கண்ணா வலது கண்ணா என்று இருவருக்கும் நெடுநாள் தகராறாம். பல் மருத்துவர் தொழில் பழக்கத்தில் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கொலைகாரச் சித்தப்பா அறைக்குள் வரும் நேரத்தில்தான் பிணம் சிமிட்டுகிறது, ஆகவே அது சாட்சி சொல்கிறது என்பது அவர் கட்சி. “அதெல்லாம் இல்ல டாக்டர், செத்தும் அவர் அவளைக் காதலிக்கிறாரு” என்று அந்த அம்மணி கண் கலங்கினார். பவுடர் விழுந்தது என்று நான் உள்ளதைச் சொன்னேன். இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். “சார், நீங்க படத்தை இன்னும் சரியாப் புரிஞ்சுக்கல” என்றார் பல் மருத்துவர்.

இதோடு விட்டார்களா? பிணத்தைக் கதாநாயகனாக்கி ஒரு படக்கதைப் புத்தகமே போட்டுவிட்டார்கள். அதில் நான் போர்வையோடு எழுந்துபோய்க் கூரைக்குக் கூரை தாவித் துப்புத் துலக்குகிறேன். எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். என் மனைவி அடுப்படியில் நின்றபடியே அதை முழுக்கப் படித்துவிட்டு, “இதுல நீங்க எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கீங்க! கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வர்றீங்க” என்றாள். எங்கள் தெருவில் ஓட்டுநர் பள்ளி நடத்துபவர், என்னைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போகிறவர், இப்போது நின்று ஒற்றைக் கண்ணை மூடிக் காட்டுகிறார். மகள் தொலைபேசியில், “அப்பா, என் ஆபீஸ்ல எல்லாரும் உங்க கையெழுத்து கேக்குறாங்க” என்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது, ஐயா. ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன்.

சேதாரம் எவ்வளவு என்று நேரில் பார்த்துவிடலாமே என்று, காதுவரை மப்ளர் சுற்றிக்கொண்டு தங்கள் வாசகர் வட்டத்தார் அந்தப் படத்தைத் திரையிட்ட அரங்குக்கே போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வசனத்தை எல்லாம் திரையில் பேசுகிறவர்களுக்கு முன்னால் இவர்கள் பேசினார்கள். கதாநாயகி அழ ஆரம்பித்ததும் அரங்கம் கப்சிப் என்று ஆகிவிட்டது. திரையில் நான் சிமிட்டினேன். அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டி விசில் அடித்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் நான் யாரென்றே தெரியாமல் என்னைக் கட்டிக்கொண்டு, “பாத்தீங்களா சார்? பாத்தீங்களா?” என்றார். பார்த்தேன் என்றேன். திரும்பும்போது நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஆகவே இதற்கு ஒரு முடிவு கட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பிணம் வேறு யாரோ என்று அடுத்த இதழில் ஒரு வரி போட்டுவிடுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை சிறப்புக் காட்சிக்கு நான் சிறப்பு விருந்தினராக வந்து மேடையில் படுக்க வேண்டும் என்ற தங்கள் அழைப்பையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். என்னை நிம்மதியாக இருக்க விடுங்கள்.

தங்கள் இதழ் என்னைப் பற்றி எழுதாமல் நீடூழி வாழட்டும். அலுவலகத்தில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு ஆசியையும் சொல்லவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேர்வாளர் (பிணம் அல்ல)

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தங்களின் புது இதழ் வந்து விழுந்தது. ‘தவறுக்கு வருந்துகிறோம், உண்மையான பிணம் இவர்தான்’ என்று ஒரு மாட்டு டாக்டரின் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். கலைநோக்கோடு தானே யோசித்துச் சிமிட்டியதாக வேறு அந்த ஆள் பேட்டி கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மேடையும் அவருக்காம். ஐயா, மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டி ஓட்டத் தெரியும் என்று பொய் சொல்கிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே காலம் தள்ளியவன் நான். அந்த ஆள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வையுங்கள், சபையே சொல்லட்டும். வேலையில் இருந்த காலமெல்லாம் என்னைப் பார்த்து எல்லோரும் நடுங்கினார்கள், ஒருவர்கூடக் கை தட்டியதில்லை. கிடைத்தது அந்த ஒரு சிமிட்டலுக்குத்தான். அதை ஒரு மாட்டு டாக்டருக்கு விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.