பெருக்கல் குறி போட்ட பேருந்துகள்

என் மகள் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அலுவலகத்துக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கணினியில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள், கட்டத்தைத் தொட்டால் தானாகக் குறி விழும், அம்மாவுக்கு ஏதாவது யோசனை உண்டா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் அடுக்களையிலிருந்து, "உங்கம்மாகிட்ட மட்டும் கேட்காத, கப்பல் போயிடும்" என்றார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். (சிரிக்காவிட்டால் இன்னும் பத்து நாள் சொல்லிக் காட்டுவார்கள்.) பட்டியல் போடுவதில் உலகத்திலேயே கெட்டிக்காரி நான்தான் என்று எனக்கு ஒரு காலத்தில் நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு எப்படிப் போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நாடு சுதந்திரம் பெற்று, முதல் பெரிய தேர்தலும் நடந்து முடிந்திருந்த சமயம். எனக்குப் பத்தொன்பது வயது. கான்வென்ட்டில் படித்த ஆங்கிலமும் தட்டெழுத்துச் சான்றிதழும் கையில் இருந்ததால், மலாக்காவில் ஒரு பேருந்துக் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அந்த அலுவலகத்தில் காலடி வைத்த முதல் பெண் நான். காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போவேன். நான் வரும்போது பட்டறை ஆட்கள் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். மரியாதை என்று நினைத்துத் தலையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வேன். கையில் இருந்த கிரீஸ் என் வெள்ளைச் சட்டையில் பட்டுவிடக் கூடாதே என்றுதான் ஒதுங்கினார்கள் என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அப்போது விளக்கு எரியாத பேருந்தும், மழையில் துடைப்பான் ஓடாத பேருந்துமாகச் சாலைக்குப் போய்க்கொண்டிருந்தன. பட்டறைக் குழு ஒவ்வொரு வண்டியையும் பார்த்துவிட்டு ஒரு தாளில் குறித்துக் கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு படிவம் தயார் பண்ணு என்றார் மேனேஜர் லிம். அவர் கேட்டது ஒரு தாள். நான் கொடுத்தது ஒரு காவியம். நகலெடுக்கும் மெழுகுத் தாளில் தட்டெழுதி, பிழை வந்தால் கிழித்துப் போட்டு, மறுபடி தட்டெழுதினேன். பிரேக், டயர், விளக்கு, தண்ணீர், எண்ணெய், ஹாரன் என்று வரிசையாக ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றிலும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் விட்டேன். நாலு பக்கமும் நட்சத்திரக் குறிகளால் கரை கட்டினேன். கடைசியில், கட்டத்துக்குள் என்ன குறி போட வேண்டும் என்று சொல்லும் ஒரு வரிக்கு இடமில்லாமல் போயிற்று. வரியை வைத்தால் நட்சத்திரம் போகும். வரியைத் தூக்கிவிட்டேன். சரி என்றால் டிக், தப்பு என்றால் பெருக்கல் குறி, இது பாலர் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே என்று என் எண்ணம்.

கூடவே ஒரு சட்டமும் வந்தது. என் முத்திரை விழாமல் எந்த வண்டியும் வாசலைத் தாண்டக் கூடாது. அந்த ரப்பர் முத்திரையை நான் கைப்பையில் வைத்து வீட்டுக்கே கொண்டுபோனேன்.

இதே நேரத்தில் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. என் அக்கா தங்கம் கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அத்தானுக்குக் குடியுரிமை இல்லை. எடுக்கவும் அவருக்கு மனமில்லை, இந்தியாவில் சொந்த ஊருக்கே போய்விடலாம் என்று முடிவு கட்டிவிட்டார். தீபாவளிக்கு வந்த இடத்தில் அக்கா அதைச் சொன்னதும் அம்மாவுக்கு வந்த கோபத்தை நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. "போறதுன்னா போ. நான் செத்தாலும் வராத, நீ செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாத" என்று சொல்லிவிட்டாள். அக்கா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிப் போனாள்.

அதற்குப் பிறகு அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கப்பல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறது என்று அத்தான் எழுதியிருந்தார். நான் மன்னிப்புக் கடிதம் எழுதித் தருகிறேன் என்று பேனாவோடு நின்றேன். அம்மா வேண்டாம் என்றாள். "வாயால சொன்னதுடி. வாயாலதான் திருப்பி எடுக்கணும். அவ மூஞ்சப் பாத்துச் சொல்லணும்."

அதனால் மேனேஜரிடம் கெஞ்சி அன்றைக்கு ஒரு பேருந்தை வாடகைக்குப் பேசினேன். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கமுமாகச் சேர்ந்து வழியனுப்பப் போவதாக ஏற்பாடு. அதோடு நின்றிருக்கலாம். என் படிவமும் அதே ஞாயிறு முதல் அமலுக்கு வரட்டும் என்று நானே மேனேஜரிடம் சொன்னேன். நான் முத்திரை குத்துவதைச் சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டாமா?

அன்று காலையில் அம்மா அலுவலக வாசலில் ஒரு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூட்டைக்குள் பனைவெல்லமும், இறாலைப் புளிக்கவைத்து இடித்த பெலாச்சானும். அக்காவுக்குப் பெலாச்சான் சம்பல் இல்லாமல் சோறு இறங்காது, இந்தியாவில் அது கிடைக்காது. (மூடிக் கட்டியிருந்தும் அந்தக் கருவாட்டு வாசனை அலுவலகத்துக்குள் என் நாற்காலி வரை வந்தது.) மேனேஜர் மூவாரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். தலைமை மெக்கானிக் பிள்ளை முதல் நாள் சாயங்காலமே எல்லா வண்டியையும் பார்த்து, தாள்களை என் மேசையில் வைத்துவிட்டு, விடிந்ததும் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தார். பிள்ளை எங்கள் காஜா பெராங்கில், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் செட்டிகளின் கம்பத்துக்காரர். பெயர் தமிழ், கும்பிடுவது நம் சாமி, வாயில் வருவது மட்டும் மலாய்.

முதல் தாளை எடுத்தேன். எல்லாக் கட்டத்திலும் பெருக்கல் குறி. பிரேக் தப்பு, டயர் தப்பு, விளக்கு தப்பு. அடுத்த தாளிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். இத்தனை நாளாக இந்தக் கம்பெனி மலாக்கா மக்களை எமனிடமா கூட்டிக்கொண்டு போயிற்று என்று எனக்கு வியர்த்துவிட்டது. ஒரே ஒரு தாள்தான் சுத்தமாக இருந்தது. எந்தக் கட்டத்திலும் ஒரு கீறல்கூட இல்லை. குறையே இல்லாத ஒரே வண்டி.

மற்ற வண்டிகளை எல்லாம் நிறுத்தச் சொன்னேன். ஓட்டுநர்கள் வந்து கத்தினார்கள். நான் ஆங்கிலத்தில் கத்தினேன். (கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் வரும், நியாயம் வராது.) குறையில்லாத வண்டியின் தாளில் மட்டும் முத்திரையை அழுத்திக் குத்தி, அதை எங்கள் பயணத்துக்கு வைத்துக்கொண்டேன். ஓட்டுநர் மாணிக்கம் அண்ணன் அந்த வண்டியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். இது ரெண்டு நாளாக ஓரமாகக் கிடந்த வண்டி மாதிரி இருக்கிறதே என்றார். தாளைக் காட்டினேன். அவரும் தாளைப் பார்த்தார். "பேப்பர் சுத்தமா இருக்கு லா தங்கச்சி. ஹாரனும் இதுலதான் நல்லா கேட்கும்" என்று ஏறி உட்கார்ந்தார்.

ஹாரன் நன்றாகத்தான் கேட்டது. தம்பின் ஊர் வருவதற்கு முன்பே மற்றதெல்லாம் நின்றுவிட்டது. முன்னாலிருந்து புகை வந்தது, பிறகு ஆவி வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவில், உச்சி வெயிலில், பெலாச்சான் வாசனையோடு உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டு மாமி மூக்கைப் புடவையால் மூடிக்கொண்டு, முத்திரை குத்திய வண்டியாச்சே என்றாள். அம்மா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகு நேரம் கழித்துப் பின்னால் ஒரு பேருந்து வந்தது. பிள்ளைதான் ஓட்டி வந்தார், நெற்றியில் விபூதி கலைந்திருந்தது. கோயிலுக்கு ஆள் போய்ச் சொல்லியிருக்கிறான். அவர் திரும்பி வந்து எல்லா வண்டிகளையும் அனுப்பிவிட்டு, எங்களைத் தேடி வந்திருக்கிறார். இறங்கினார், என்னைப் பார்த்தார். ஓட்டுப் போடப் பழக்கியபோது சொல்லித் தந்தார்களே என்று காற்றில் விரலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டினார். "பங்கா லா நோனா, மானா யாங் பாயிக்." எது நல்லதோ அதில்தானே, அம்மணி, பங்கா போட வேண்டும் என்று அர்த்தம்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தேர்தலுக்கு முன்னால் வீடு வீடாக வந்து சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யார் வேண்டுமோ அவர் பெயருக்கு நேராகக் கட்டத்துக்குள் பெருக்கல் குறி, அதற்கு மலாயில் பங்கா. வேண்டாதவருக்கு ஒன்றும் போடாதே, வேறு குறி போட்டால் ஓட்டுச் செல்லாது. காஜா பெராங் முழுக்க அதைத் தரையிலும் சுவரிலும் எழுதிப் பழகியது. ஓட்டுப் போட வயதில்லாத நான் மட்டும் அதைக் காதில் வாங்கவில்லை. பிள்ளையின் ஆட்கள் நல்ல வண்டிகளுக்கெல்லாம் ஓட்டுப் போட்டிருந்தார்கள். தேறவே தேறாது என்று ஒதுக்கிய ஒரே வண்டியில் அம்மாவை ஏற்றி வந்திருந்தேன்.

வண்டி மாறி ஏறினோம். பிள்ளை ஓட்டிய ஓட்டத்தில் மாமி கந்தசஷ்டிக் கவசம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு கப்பல் கரையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அம்மா மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். நாங்களும் ஓடினோம். எல்லோரும் கையை ஆட்டினோம். அம்மா இரண்டு கைகளையும் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "தங்கம், நான் சொன்னத மனசுல வச்சுக்காதடி, அம்மா தப்பாச் சொல்லிட்டேன்டி" என்று திரும்பத் திரும்பக் கத்தினாள். கப்பலின் மேல்தளத்திலிருந்து ஓர் ஆள் பதிலுக்குக் கையாட்டினான்.

கூலி ஒருவர் வந்து என்ன விஷயம் என்று கேட்டார். அது ரப்பர் ஏற்றிக்கொண்டு ஹாங்காங் போகிற கப்பல் என்றார். இந்தியக் கப்பல் அப்போதே போய்விட்டது.

இந்த இடம் வரும்போதுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். ஹாங்காங் மாலுமியிடம் மன்னிப்புக் கேட்ட குடும்பம் என்று எங்களுக்குப் பெயர். நானும் சிரித்துச் சிரித்துத்தான் சொல்வேன். ஆனால் அன்று அம்மா தூக்கிய கையை உடனே இறக்கவில்லை. கூலி சொன்னது புரிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்காது. கப்பல் பினாங்கில் நிற்கும், அங்கே பிடிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். பினாங்கு வரைக்கும் போக எங்களுக்கு வழியில்லை. மூட்டையை அம்மா திரும்பக் கொண்டுவந்தாள். அந்தப் பெலாச்சானை யாரும் சமைக்கவில்லை.

மேனேஜர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. நட்சத்திரக் கரையில் கீழ்ப்பக்கத்தை அடித்துவிட்டு, டிக் எதற்கு, பங்கா எதற்கு என்று தன் கையாலேயே எழுதினார்.

அக்கா போய்ச் சேர்ந்ததாக அத்தான் ஒரு கடிதம் போட்டார். பதில் எழுத உட்கார்ந்தேன். அம்மா ஊர்ச் செய்தியெல்லாம் சொன்னாள், அந்த விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. முடிக்கும்போது பேனாவை வாங்கி, கடைசியில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். கையெழுத்துப் போடவே தெரியாதவள், அவள் எழுதக் கற்றது ஓட்டுக்காகப் பழகிய அந்த ஒன்றைத்தான். "நீதான் எனக்கு வேணும்னு போட்டிருக்கேன்" என்றாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை அப்படியே ஒட்டி அனுப்பிவிட்டேன். அக்காவும் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடவில்லை என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. விளக்கம் இல்லாத படிவம், இரண்டாம் முறை.

ஒரு வருடத்துக்கு மேல் பதில் இல்லை. பிறகு அத்தான் எழுதினார். அத்தை கடைசியில் பெருக்கல் குறி போட்டுத் தன்னை வேண்டாமென்று அடித்துவிட்டார் என்று தங்கம் இன்னமும் அழுகிறாள், அப்படி என்ன கோபம் என்று கேட்டிருந்தார். அன்று முழுக்க உட்கார்ந்து எழுதினேன். தேர்தல், பங்கா, பேருந்து, ஹாங்காங் கப்பல் எதையும் விடவில்லை.

அம்மாவும் அக்காவும் அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. அக்கா வர முடிந்தபோது அம்மா இல்லை. ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தது. தபால்காரர் கொடுத்ததைப் பிரித்தேன். ஒரு முழுத் தாள், அதில் ஓர் எழுத்தும் இல்லை. நடுவில் அக்கா கையால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி, அதற்குக் கீழே கோணல்மாணலாகக் குழந்தை போட்ட சின்னது ஒன்று. வழக்கம்போல வாசித்துக் காட்ட அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டுத் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"குடு. இது எனக்கே படிக்கத் தெரியும்" என்றாள்.