கறிக் கையோடு ஒரு மச்சான்

காலை எட்டு ஐந்து. பெர்மாஸ் ஜெயாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது என் மச்சான் குணாவின் வலது கை. மணிக்கட்டு வரை பருப்புக் கறி. எதிரே அவன் லேப்டாப் கம்பெனிச் சின்னத்தைக் காட்டுவதும் அணைவதும் மறுபடி சின்னத்தைக் காட்டுவதுமாக இருந்தது.

ஜொகூரில் லேப்டாப் திருத்துகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். வாடிக்கையாளர் கையைக் கறியில் நனைத்த பிறகே வேலையைத் தொடங்குகிறவர் சபார் பாய் ஒருவர்தான். உண்மைப் பெயர் அவர் அண்ணனுக்கே மறந்திருக்கும். கடை அண்ணனுடையது, கடைசி மேசை மட்டும் பாயுடையது. யார் அவசரப்பட்டாலும் "சபார்லா" என்பார். பொறு என்று அர்த்தம்.

லேப்டாப் தானாகக் கெடுவதைவிட உடையவன் விரலால் கெடுவதே அதிகம் என்பது அவர் சித்தாந்தம். கறிக் கையோடு எவனும் கீபோர்டைத் தொட மாட்டான். ஆகவே வந்தவர் முன்னால் முதலில் குழம்பு மிதக்கும் ரொட்டி. முள்கரண்டி கேட்ட சீனத் தவுக்கே முதலாளியிடம், முதுகுக்குப் பின்னால் ஒரு கட்டு கரண்டியை வைத்துக்கொண்டு, "ஹாபிஸ் பாஸ், தீர்ந்துபோச்சு" என்றார். விரதம் என்ற டீச்சரை அன்னாசித் துண்டு பிடிக்க வைத்தார். பெக்கான் நானாஸ் ஊர்ப் பழம். சாறு முழங்கைக்கு ஓடியது.

குணாவின் நிலைமை சிரிப்புக்குரியதல்ல. தொழிற்சாலை வேலையை விட்டுக் கேமராவைத் தூக்கிய பிறகு அவனுக்குக் கிடைத்த முதல் கல்யாணம். தாலி கட்டும் வீடியோப் படம் அந்த லேப்டாப்பில் மட்டுமே இருந்தது. அன்று மாலை உலு திராம் மண்டபத்தில், விருந்தில் அதைப் போட்டாக வேண்டும்.

"புது சிஸ்டம் ரொம்ப ஸ்லோ பாய். அதான் பழச ஏத்தினேன்."

"ஏத்தினதும் ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"அப்புறம் எங்க கை வெச்ச?"

"ஸ்பீடா ஓடட்டும்னு செட்டிங்ல... லைட்டா..."

"அலமாக்! லைட்டாவா? நம்ம ஊர்ல வீடு எரிஞ்சாலும் லைட்டாத்தான் பத்திக்கிச்சும்பான்."

குணா கைகழுவ எழுந்தான். "உக்காரு தம்பி. அண்ணே, இங்க இன்னொரு ரொட்டி! கொளம்பு பஞ்சிர்!" பஞ்சிர் என்றால் வெள்ளம். அப்படியே வந்தது.

பாய் எதையும் தொடவில்லை. தேநீரை வைத்துக்கொண்டு, லேப்டாப் விழுந்து எழுவதை வேடிக்கை பார்த்தார். பிறகு கைப்பேசியில் அதைப் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டார். இரண்டு அணைப்புகளுக்கு நடுவே, கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு நீலத் திரை, அதில் பிழைச் செய்தி.

"பாத்தியா? விழறப்பல்லாம் காரணத்த சொல்லிட்டுத்தான் விழுது. பாவம், யாரும் கேக்கல."

"படம் இருக்குமா பாய்?" குணா ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டான்.

"சபார்லா. சாப்புடு."

பாய் இப்போதுதான் கீபோர்டைத் தொட்டு, குணா மாற்றிய செட்டிங்குக்குப் போனார். டிஸ்க்கோடு லேப்டாப் பேசும் முறையைப் பழையபடி திருப்பி வைத்தார். சின்னம் வந்தது. மூன்று பேரும் திரையை நோக்கிக் குனிந்தோம். இந்தத் தடவை அணையவில்லை. திரையில் கல்யாணக் கோப்புகள் வரிசையாக நின்றன.

"பாய், நீங்க கண்டிப்பா விருந்துக்கு வரணும்!" குணா கறிக் கையோடே கட்டிப்பிடிக்கப் போனான். பாய் தப்பித்துவிட்டார்.

மாலை உலு திராம். சாப்பாடு பாயின் அண்ணன் கடையிலிருந்து வந்திருந்தது. படம் நன்றாகத்தான் ஓடியது. தாலி கட்டும் நேரத்தில் திரை சட்டென்று இருண்டது. கூட்டம் "ஐயோ" என்றது. குணாவின் விரல் லேப்டாப்பை நோக்கிப் பாதி தூரம் போய் நின்றது. அவன் பக்கத்திலிருந்த பிரியாணித் தட்டை இழுத்து, ஐந்து விரலையும் உள்ளே விட்டான். ஆடிய வயரை யாரோ அழுத்த, திரையில் படம் மீண்டும் வந்தது. கெட்டிமேளம்.

நான் திரும்பிப் பார்த்தேன். கதவோரம் பூப்போட்ட பத்தேக் சட்டையில் சபார் பாய். அவர் மேசையில் எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும் தறுவாயில் இருந்தார்கள். அவர் கண் லேப்டாப் மேல் இருந்தது, முன்னால் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

படம் முடியும் வரை அவர் சுத்தமான கையை அதில் வைக்கவில்லை.