பப்ளிஷர் கிருபாவதி

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் தை மாதம் பழனிசெட்டிபட்டி சுந்தர்ராஜ் இரண்டு தீர்மானங்கள் எடுத்தார். முதலாவது, தேனி கம்ப்யூட்டர் நண்பர்கள் வட்டத்தின் பதினான்கு உறுப்பினர்களையும் ஆளுக்கொரு இணையதளம் கட்ட வைப்பது. அதுவும் ஒரு வரி புரோகிராம்கூட எழுதாமல், ஜூம்லா என்ற மென்பொருளை வைத்து, ஒரே காலைப்பொழுதில்.

இரண்டாவதை அவர் வெளியே சொல்லவில்லை. மார்க்கையன்கோட்டையில் மச்சினன் விஜயபாண்டி வீட்டுக் காதுகுத்துக்குப் போகாமல் தப்பிப்பது.

விஜயபாண்டி வாழை விவசாயி. பார்க்கிற இடத்தில் எல்லாம், "என்ன மச்சான், இன்னும் அந்தப் பொட்டியத்தான் தட்டிக்கிட்டு இருக்கீகளா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார். கேட்டுவிட்டு முதுகில் ஒரு தட்டு. பம்புசெட் மோட்டார் விற்கிற சுந்தர்ராஜுக்கு அந்தத் தட்டு இரண்டு நாளைக்கு வலிக்கும்.

காதுகுத்து மாசி மூன்றாவது ஞாயிறு. செய்முறை வகுப்பையும் அதே ஞாயிறுக்கு வைத்தார்.

மனைவி கிருபாவதி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என் தம்பி மகளுக்கு அத்தை சீர நான் ஒத்தையில தூக்கிட்டுப் போகவா? மாமா எங்கனன்னு கேட்டா என்ன சொல்ல?"

"வகுப்புன்னு சொல்லு. பதினாலு பேரு நம்பி வர்றாக."

"யாரு அந்த ஜூம்லா? தூக்கத்துலயும் அவ பேரத்தான் சொல்றீக."

"அது ஆளு இல்ல, மென்பொருள். உள்ளடக்க மேலாண்மை."

"உள்ளுக்குள்ள அடக்குறதா? அத இருபது வருசமா நான் செஞ்சுக்கிட்டு இருக்கேன். எனக்கு எவன் வகுப்பு எடுத்தான்?"

சுந்தர்ராஜ் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஒத்திகை பார்க்க அவருக்கு ஒரு மாணவர் வேண்டியிருந்தது. "உனக்கே புரிஞ்சுட்டா உலகத்துக்கே புரிஞ்சுரும்" என்று அவளையே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

"இது கட்டுரை. இது மெனு."

"மெனுவா? இட்லி தோசையா?"

"ஐயோ! இங்கன பாரு. எல்லாருக்கும் எல்லா அதிகாரமும் கெடையாது. நான் அட்மினிஸ்ட்ரேட்டர். உனக்குச் சும்மா பழகிப்பாக்க நம்ம வட்டத்து சைட்டுலயே பப்ளிஷர்னு ஒரு கணக்கு தொறந்திருக்கேன். எழுதலாம், திருத்தலாம், வெளியிடலாம்."

"உங்களைக் கேக்காமலா?"

"கேக்கவே வேண்டாம். அதுக்குத்தான் இந்த மென்பொருளே! எல்லாத்துக்கும் ஒரே ஆளப் போயித் தொங்க வேண்டியதில்ல. எழுதி இந்தப் பட்டன அமுக்குனா ஊருக்கே தெரிஞ்சுரும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

இந்த இடத்தில் அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் தன் விளக்கத்தின் தெளிவை நினைத்து அவருக்கே புல்லரித்துப் போயிருந்தது. அந்தப் பெருமிதத்தோடு உறுப்பினர்களுக்கும் உத்தரவு போட்டார்: "இனி போன் பண்ணி என் உசுர வாங்காதீக. எதுனாலும் சைட்டப் பாருங்க."

சனிக்கிழமை சாயங்காலம், நாற்பது பக்கப் பாடக்குறிப்பை ஜெராக்ஸ் எடுக்கத் தேனிக்குப் போனார். திரும்பி வந்தால் வீட்டில் சண்டை இல்லை. தட்டு நிறையப் பணியாரம்.

"நீங்க வகுப்பையே பாருங்க. நான் மொதல் பஸ்ஸுக்குப் போயிருறேன்" என்றாள் கிருபாவதி.

பெண்டாட்டி ஒருவழியாக அடங்கிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் நாலு பணியாரம் கூடவே தின்றார்.

ஞாயிறு காலை பத்து மணி. வாடகைக்குப் பிடித்த டுடோரியல் அறையில் பதினான்கு நாற்காலி இருந்தது. ஆள் இல்லை. பத்தரைக்கும் இல்லை. பதினொன்றுக்கு வட்டத்தின் தலைவர் பொன்னுராஜுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

"எங்கன இருக்கீக தலைவரே?"

"நீங்க எங்கனய்யா இருக்கீக? நாங்க பூராம் மார்க்கையன்கோட்டையில உங்க மச்சினன் வீட்டுல டிபன் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். நேத்தே சைட்டுல போட்டுட்டு இப்பப் போயி கேக்குறீக?"

போனை வைத்துவிட்டு, அறையில் இருந்த கம்ப்யூட்டரில் சைட்டைத் திறந்தார்.

'முக்கிய அறிவிப்பு. செய்முறை வகுப்பு மார்க்கையன்கோட்டை விஜயபாண்டி இல்லத்துக்கு மாற்றப்பட்டுள்ளது. காதுகுத்து முடிந்ததும் வகுப்பு. வகுப்பு முடிந்ததும் கறிச்சோறு. குடும்பத்துடன் வரவும். ஆசிரியர் சுந்தர்ராஜ் எல்லோருக்கும் முன்பாகவே வந்து வரவேற்பார்.'

கீழே, வெளியிட்டவர்: கிருபாவதி. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. அதுதான் அவருக்கு ரொம்ப எரிந்தது.

"காது பச்சப்பிள்ளைக்குத்தான குத்துவாக! அம்பது வயசுல எனக்குமா குத்துவா?" என்று காலி நாற்காலிகளிடம் கத்தினார். பிறகு நாற்பது பக்கக் கட்டைச் சுமந்துகொண்டு சின்னமனூர் பஸ்ஸில் தொங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கி, மத்தியானத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

"வாங்க மச்சான்! உங்க ஆளுக எப்பவோ வந்துட்டாக" என்று விஜயபாண்டி முதுகில் ஒன்று வைத்தார்.

பந்தலில் பட்டுச்சேலையோடு கிருபாவதி உட்கார்ந்திருந்தாள். எதிரே பொன்னுராஜின் லேப்டாப். சுற்றிலும் பதினான்கு தலைகள்.

"இங்கன போட்டோவ ஏத்துங்க. இங்கன நாலு வரி எழுதுங்க. இந்தப் பட்டன அமுக்குங்க. அம்புட்டுத்தான்."

மேகமலை ஏலக்காய் வியாபாரி ஒருத்தர் அதற்குள் கடைக்கு ஒரு சைட்டே கட்டி முடித்திருந்தார்.

சுந்தர்ராஜ் மனைவியை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏத்தா, என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கவே வேண்டாம்னு நீங்கதான சொன்னீக?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பொன்னுராஜ் தோளில் கைபோட்டார்.

"சுந்தர்ராஜு, வட்டத்துல எல்லாரும் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கோம்யா."

எப்படியும் இந்தத் திட்டமே தன்னுடையதுதானே, ஒரு பொன்னாடையாவது இருக்கும் என்று சுந்தர்ராஜ் சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"அடுத்த மாச வகுப்புக்கும் மதினியவே அனுப்பிவிடுங்க. நீங்க அலைய வேண்டாம்."