மரண வீட்டில் பறந்த தேனீ

அத்தானைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு மனிதரிடம் விடாப்பிடியாக நின்று மின்னஞ்சல் முகவரி வாங்கியவள் நான். இதை மறைத்து என்ன பயன்? கடுகண்ணாவையில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும்.

நானும் என் கணவர் ரவியும் பக்கத்து ஊரான பிலிமத்தலாவையில் பூக்கடை வைத்திருக்கிறோம். கல்யாணத்துக்குப் பூச்செண்டு, மரண வீட்டுக்கு மலர்வளையம், இரண்டும் செய்வோம். இணையத்தில் விற்கத் தொடங்கி ஆறு மாதமாகியும், சலுகைக் கடிதம் அனுப்ப எங்களிடம் சேர்ந்திருந்தவை பதினொரு முகவரிகள். (அதில் நான்கு என்னுடையவை.) சித்திரைப் புத்தாண்டுக்குள் ஆயிரம் சேர்த்தே தீருவது என்று முடிவெடுத்தேன். நான் முடிவெடுத்தால் எடுத்ததுதான். அம்மா இதை ஒருநாளும் பெருமையாகச் சொன்னதில்லை.

விளையாட்டுக் காட்டினால் ஜனங்கள் முகவரி தருவார்கள் என்று எங்கோ படித்தேன். உடனே எங்கள் தளத்தில் ஒரு பொப்-அப் வைத்தேன். யார் உள்ளே வந்தாலும் திரையில் ஒரு கார்ட்டூன் தேனீ பறந்து வரும். தொடப்போனால் ஓடும். பிடித்துவிட்டால் முகவரி கேட்கும். கொடுத்தால் பாண்ட் வாத்தியம் முழங்கும், விலையில் பத்து வீதக் கழிவு கிடைக்கும். கொடுக்க விருப்பமில்லாதவர்களுக்கும் ஒரு பொத்தான் இருந்தது. அதில் நானே யோசித்து எழுதிய வாசகம்: ‘வேண்டாம், எனக்கு மகிழ்ச்சி பிடிக்காது.’ (எழுதிவிட்டு நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.) அதை அழுத்தினாலும் தேனீ அரை நிமிடத்தில் திரும்பி வரும்.

ரவி பார்த்துவிட்டு, “பூ வாங்க வர்றவங்கள ஏன் இப்படித் துரத்துற?” என்றார்.

“துரத்தலங்க, பழகுறோம்,” என்றேன்.

நான்கு நாளில் அறுபது முகவரிகள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தாம் நாள் காலையில் போன் வந்தது. பின்னணியில் தேவாரம் கேட்டது.

“பிள்ளை, நான் ஒரு ரிட்டயர்ட் பிரின்சிபல். கடுகண்ணாவையில இருந்து கதைக்கிறன். என்ர அத்தான் காலமாகிட்டார். உங்கட தளத்தில மலர்வளையம் எடுப்பம் எண்டு பாத்தா, ஒரு தேனீ வந்து விடுகுதில்லை.”

மலர்வளையப் பக்கத்தில் தேனீயை நிறுத்த மறந்திருந்தேன்.

“சேர், கீழ ஒரு பட்டன் இருக்கும்...”

“ஓம், மகிழ்ச்சி பிடிக்காது எண்டு போட்டிருக்கு. இப்ப எனக்கு மகிழ்ச்சி இல்லைத்தானே, ரெண்டு தரம் அமத்தினன். திரும்பியும் வருது.”

மனிதப் பிறவி எதுவானாலும் அந்த இடத்தில், “மன்னிச்சிருங்க சேர், போன்லயே ஆர்டர எழுதிக்கிறேன்” என்றுதான் சொல்லியிருக்கும். என் கண்முன்னால் நின்றதோ அறுபத்தொன்று என்ற எண்.

“அதப் பிடிச்சி, ஒங்க இமெயிலப் போட்டுட்டீங்கன்னா போயிரும் சேர்,” என்றேன்.

“பிடிக்கிறதோ?” என்றார். நாலைந்து தரம் மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “பிடிச்சிட்டன் பிள்ளை.” குரலில் லேசான பெருமை இருந்தது. ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டே முகவரியைத் தட்டினார்.

தேவாரம் ஓடிக்கொண்டிருந்ததும் அவர் முகவரி தட்டிய அதே லெப்டொப்பில்தான் என்பது எனக்குத் தெரியாது. அதை வாசலில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களில் கொடுத்திருந்தார்கள்.

முதலில் பாண்ட் வாத்தியம் முழங்கியது. அதையடுத்து ஒரு பெண் குரல் (என்னுடையதுதான், ஆசையாகப் பதிவு செய்து வைத்திருந்தேன்) தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தது: “வாழ்த்துகள்! உங்கள் கொண்டாட்டம் எங்கள் கொண்டாட்டம்!”

யாரோ தூரத்தில், “ஆர் உது?” என்று கேட்டது காதில் விழுந்தது. போன் துண்டிக்கப்பட்டது.

ரவி, “நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன்,” என்றார். நான் விடவில்லை. செய்தவள் நான், போவதும் நான்தான். கடையிலேயே பெரிய வளையத்தை என் கையால் கட்டி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, கொட்டும் மழையில் கடுகண்ணாவையில் மரண வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டு, போனில் பேசிய அந்தப் பள்ளி அதிபரைத் தனியாகப் பார்ப்பதுதான் திட்டம். ஆனால் வாசலில் நின்றவரிடம், “இத எங்கங்க வைக்கிறது?” என்று கேட்டுவிட்டேன்.

“இந்தக் குரல்தான்!” என்றார் அவர்.

கதிரைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். கூட்டம் எனக்கு வழிவிட்டது. நேரே போய் இறந்தவரின் மனைவி முன்னால் நின்றேன். அதிபரின் அக்கா அவர்.

“அம்மா, மன்னிச்சிருங்க. எல்லாம் என்னாலதான்.”

அழுது சிவந்த கண்களால் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீரே அந்தப் பிள்ளை?”

“ஆமாங்கம்மா.”

“அந்தப் பத்து வீதம் எத்தனை நாளைக்குச் செல்லும்?”

“முப்பது நாளைக்குங்க.”

விரல்விட்டு எண்ணினார். “அந்தியேட்டிக் கிரியை முப்பத்தோராம் நாள். அண்டைக்கும் பூ வேணும். ஒரு நாள் கூட்டித் தாரும்.”

பக்கத்தில் நின்ற அதிபர் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

அன்றே தேனீயை எடுத்துவிட்டேன். ஆயிரம் முகவரி இன்னும் சேரவில்லை, விடுவதாகவும் இல்லை. அதிபர் இன்றும் பட்டியலில் இருக்கிறார். நான் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் எழுத்துப்பிழை திருத்தித் திருப்பி அனுப்புகிறார். எங்கள் கடைக் கழிவு எதுவானாலும் இப்போது முப்பத்தொரு நாள் செல்லும். வீட்டில் அதற்கு ‘அந்தியேட்டி ஓஃபர்’ என்று பெயர்.

போன மாதம் கல்யாணப் பூவுக்கு வந்த ஒரு மாப்பிள்ளை, “அது என்னங்க முப்பத்தொரு நாள் கணக்கு?” என்று கேட்டார். ரவி உற்சாகமாக வாயைத் திறந்தார். மேசைக்கடியில் அவர் காலை மிதித்தபடி, “சில மாசத்துக்கு முப்பத்தொரு நாள் இருக்குதானேங்க,” என்றேன்.