மாதங்களைத் திருப்பிச் சொல்லி நடப்பவன்

தர்மபுரம்,
1995 பங்குனி.

அன்புள்ள ஏரம்பு மாமாவுக்கு,

வெட்டித் தைத்த முழங்கால் உட்பட இங்கு எல்லோரும் சுகம். அங்கு மாமியும் சுகந்தினியும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

எனக்குப் பைத்தியம் என்று வீரகத்தி அண்ணை முல்லைத்தீவு வந்து சொன்னாராம். எனக்கும் சுகந்தினிக்குமான கலியாணத்தை நிறுத்துமுன் இதை வாசியுங்கள். மாமா, நான் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன்!

கரப்பந்தாட்டத்தில் அறுந்த சவ்வைக் கொழும்பில் தைத்தார்கள். காயம் ஆறியது. நடை வரவில்லை. பயிற்சி தந்த பிரேமிளா மிஸ் சொன்னார்: "தம்பி, முழங்கால் சரி. இனி மூளைதான் நடக்கப் பழகவேணும். எதையாவது யோசிச்சுக்கொண்டு நடவுங்கோ." உண்மை. காலையே பார்த்துக்கொண்டிருந்தால் நேர் ரோட்டில் மட்டும் போகலாம். வரம்பு, வாய்க்கால், சேறு என்று நிலம் மாறும்போது மூளையில் கொஞ்சம் இடம் மிச்சம் வேண்டும்.

ஆகவே மாதங்களைக் கடைசியிலிருந்து சொல்லிக்கொண்டு வரம்பில் நடந்தேன். பங்குனி, மாசி, தை. மார்கழியில் வாய்க்காலுக்குள் விழுந்தேன். எழும்பினேன். ஐப்பசியில் வீரகத்தி அண்ணையின் மிளகாய்ப் பாத்திக்குள். அவர் அம்மாவிடம் போய், "காலிலதானே வெட்டினது? மண்டையில என்னத்தை அறுத்தவங்கள்?" என்று கேட்டார். பக்கத்து வளவு வடிவம்மா அக்கா குறுக்கே வந்தார். "நிப்பாட்டாதையும் தம்பி, மந்திரம் பாதியில நிண்டால் பலிக்காது. என்ர மாடும் பால் விடாமல் மறிக்குது, அதையும் ஒருக்காச் சுத்தி வாரும்." சுற்றினேன். நடக்கவும் யோசிக்கவும் மறுக்கவும் ஒரே நேரத்தில் முடியவில்லை. மாடு உதைத்தது. நல்ல காலில்.

ஆனால் நேற்று, மாமா, நேற்று! சித்திரை வரை சொல்லி முடித்தேன். பார்த்தால் வரம்பும் முடிந்திருந்தது. நொண்டவில்லை. ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்து அழுதா. இனி மணவறையைச் சுற்றுவேன். குனிந்து சுகந்தினியின் காலைத் தூக்கி அம்மியில் வைப்பேன். ஐயர் சொல்வதையும் பிழையில்லாமல் திருப்பிச் சொல்வேன். கலியாண நாளை மட்டும் மாற்றாதீர்கள்.

மாமியின் காலில் விழுந்து கும்பிட்டதாகச் சொல்லுங்கள். இப்போது முழங்கால் மடங்குகிறது.

தங்கள் மருமகன்,
அஜந்தன்

பி.கு.: தபால் கந்தோரில் நின்று எழுதுகிறேன். வரும் வழியில் மாதங்களை விட்டுவிட்டுச் சுகந்தினியை நினைத்து நடந்து பார்த்தேன். வேலியோடு விழுந்தேன். கலியாணத்தை ஆவணிக்குத் தள்ளிவைப்போமா? காரணத்தைச் சுகந்தினிக்கு மட்டும் சொல்லுங்கள்.