எதிர்ப்பக்கத்துப் புகைபோக்கி

காற்றில் எவ்வளவு புகை என்று அளக்கும் அந்தச் சின்னக் கருவி மறுபடியும் சிவப்பாய் எரிந்தது. பெய்ஷென் தலையில் கை வைத்துக்கொண்டான். இப்படியே போனால் புருல் எந்தக் காலத்தில் வீடு திரும்புவாள்?

மனைவி கோபித்துக்கொண்டு கிளம்பி மூன்று வாரம் ஆகிறது. வேறெங்கே போவாள், நாரின் ஊரில் அக்கா வீட்டில்தான் இருப்பாள். போன் போட்டால் ஒரே பதில்தான்.

"எப்ப வர்றே?"

"புகை நிக்கட்டும், வர்றேன்."

"டீ போட்டா ரெண்டு கிண்ணம் எடுத்து வைக்கிறேன் புருல். கை தானா வைக்குது."

"முதல்ல புகையை நிறுத்துங்க" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

நிறுத்துவதென்றால் லேசுப்பட்ட காரியமா? பிஷ்கெக் நகரத்துக் குப்பையை எல்லாம் எரித்து மின்சாரம் எடுக்கும் புது ஆலை தெருக்கோடியில் நின்றது. பாவி ஆலை, நல்லா இருந்த குடும்பத்தைப் பிரித்துவிட்டது.

முதலில் ஜன்னல் இடுக்கெல்லாம் கம்பளித் துண்டு வைத்து அடைத்தான். கருவியில் எண் ஏறியது. அவள் வரும்போது வீடு கதகதப்பாய் இருக்கட்டும் என்று, தான் வேலை செய்யும் தையல் பட்டறையில் சும்மா கிடைக்கும் நைலான் வெட்டுத்துணியை இன்னும் இரண்டு மூட்டை அடுப்பில் திணித்தான். எண் மேலும் ஏறியது. அவள் தலையணையை எடுத்து முகர்ந்து பார்த்தான். அதிலும் புகை நாற்றம்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. எரிச்சலா, ஏக்கமா என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆலைமீது புகார் எழுதித் தெருவில் கையெழுத்துக் கேட்டான். பக்கத்து வீட்டு ஜாக்கிப், "புகையை எதிர்த்துன்னா தாராளமா போடறேன்" என்று பெய்ஷென் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே போட்டார்.

காகிதத்தோடு ஆலை வாசலுக்குப் போனான். அங்கே கருவி பச்சைக்கு இறங்கியது. இரண்டு தட்டு தட்டினான். பச்சையிலேயே நின்றது.

"நீயும் இவங்க பக்கம் சேந்துட்டியா?"

வாசலில் காவலுக்கு இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே விஷயம்?"

"உங்க புகையால என் பொண்டாட்டி ஊரை விட்டே போயிட்டா. அவ இல்லாம என்னால முடியலம்மா."

"அவங்க பேரு?"

"புருல்."

அந்தப் பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அட, அது நீங்கதானா? புருல் அக்கா மூணு வாரமா எங்க கேன்டீன்லதான் சமைச்சுக்கிட்டு, இங்கேயே தங்கியிருக்காங்க. உங்க அடுப்புப் புகை எட்டாத இடம் இந்தத் தெருவுலயே இது ஒண்ணுதானாம்."